பேர வாவியில் துடுப்புப் பழகிய வாரம்

ஞாயிறு, வெள்ளவத்தை

எங்கள் கல்லூரியில் உடற்கல்விப் பாடத்துக்கு ஒரு நீர் விளையாட்டு கட்டாயம். நீச்சல் எடுத்தால் மட்டக்களப்பிலேயே முடித்துவிடலாம். படகோட்டம் எடுத்தால் கொழும்புக்கு வந்து ஒரு வாரம் பேர வாவியில் பழக வேண்டும். தங்குமிடமும் பயிற்சிக் கட்டணமும் கல்லூரியுடையது, சாப்பாடு எங்கள் செலவு. கொழும்பில் ஒரு வாரம் என்றதும் பெயர் கொடுத்தவர்கள்தான் எங்களில் முக்கால்வாசிப் பேர். படகு ஓட்டும் ஆசையில் வந்தவர் என்று யாரையும் காட்ட முடியாது.

தண்ணீரைக் காணாத ஊர்க்காரர்கள் என்றால் சரி. நாங்கள் மட்டக்களப்பார். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். இரவு ரயிலுக்குப் பை கட்டும்போது அம்மம்மா கேட்டார்: “இஞ்ச இல்லாத தண்ணியா மனே அங்க கிடக்கு?” பதில் சொல்லத் தெரியவில்லை. மார்க்ஸ் கிடைக்கும் என்றேன். அதை ஏற்றுக்கொண்டார்.

விடியற்காலை கோட்டையில் இறங்கி, புறக்கோட்டைவரை பைகளை இழுத்துக்கொண்டு நடந்து, 100 ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியாக வெள்ளவத்தை. விடுதி கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில். எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை: இடியப்பம், சொதி, சம்பல். உடன் வந்த ஏறாவூர்த் தோழி, “கொழும்புக்கு வந்தமா, ஊருக்குள்ளேயே சுத்தி வந்தமா?” என்று கேட்டாள். வெள்ளவத்தையில் அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரும்.

இந்தக் குறிப்புகளில் அடிக்கடி வரப்போகும் இன்னொருத்தி என் மச்சாள். ரொறொன்ரோவில் பிறந்து வளர்ந்தவள், இப்போது நியூயோர்க் மாநிலத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கேயும் உடற்கல்வியில் இரண்டு கிரெடிட் எடுக்காமல் பட்டம் இல்லையாம். அவள் எடுத்திருப்பது ஸ்னோபோர்ட், ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்கும் விளையாட்டு. பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி, கிரீக் பீக் என்ற மலைக்குக் கொண்டுபோய்ப் பனியில் விடுகிறார்கள். அவளுக்கும் இந்த வாரம்தான் வகுப்பு தொடங்குகிறது. நான் விடியற்காலை ஆறு மணிக்கு வாவிக்கரையில் நிற்கும்போது அவளுக்கு முதல் நாள் இரவு ஏழரை மணி, விளக்கு வெளிச்சத்தில் பனிச்சரிவு. ஒவ்வொரு நாளும் குரல் பதிவு அனுப்புவது என்று ஒப்பந்தம்.

திங்கள்

இருட்டோடு எழும்பி, ஓட்டோவில் நெருங்கி உட்கார்ந்து கொம்பனித்தெருவுக்குப் போனோம். எங்களைப் பழக்கும் படகோட்டக் கிளப்பின் பின்பக்கம் வாவி, அதற்கப்பால் தாமரைக் கோபுரம், மேலே விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. கொட்டகைக்குள் தட்டுத் தட்டாக நீளப் படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லோரும் போனை எடுத்தோம். பயிற்றுநர் சேர் எங்களைத் திருப்பி, சுவரோரம் வரிசையாக இருந்த இயந்திரங்களைக் காட்டினார். இன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

உடற்பயிற்சிக் கூடங்களில் கிடக்கும் அதே ரோயிங் மெஷின்தான். இங்கே எல்லோரும் ‘ஏர்க்’ என்கிறார்கள். சில்லு வைத்த இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும், பாதம் பலகையில் கட்டப்பட்டிருக்கும், கையில் சங்கிலி பூட்டிய பிடி. சேர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். எங்களுக்குப் புரியாததைப் படகுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தமிழில் சொல்வார். ஹட்டன் பக்கம் சொந்த ஊர், கொழும்புக்கு வந்து கனகாலம்.

காலை முழுவதும் ஒரே பாடம். இழுக்கும்போது கால், பிறகு உடம்பு, பிறகு கை. திரும்பி வரும்போது கை, உடம்பு, கால். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் கை பொறுக்காது. பிடி கையில் இருப்பதால் கைதான் முதலில் இழுக்கப் பார்க்கும். தோளும் முன்கையும் அரை நிமிடத்தில் எரிந்துவிடும். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்க, சின்னத் தசைகளைப் போட்டு வருத்துவானேன் என்பதுதான் சேரின் வாதம். காலால் பலகையை உதைத்து, கை நீட்டியபடியே இருந்தால், மெஷின் சத்தமே மாறுகிறது.

மெஷினின் பக்கவாட்டில் ஒன்றிலிருந்து பத்து வரை நகர்த்தக்கூடிய ஒரு நெம்பு இருக்கிறது. எங்கள் பெடியன்கள் எல்லோரும் நேரே பத்துக்குத் தள்ளினார்கள். சேர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நெம்பு விசிறிச் சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. காற்று கூடினால் சக்கரம் சீக்கிரம் மெதுவாகும், அடுத்த இழுப்பு பாரமாக இருக்கும். ஆனால் சக்கரம் மெதுவாகும் வேகத்தைப் பார்த்தே திரை கணக்குப் போடுவதால், பத்தில் வைத்தவனுக்கு இலவசமாக ஒரு செக்கனும் கிடைக்காது. நான்கில் வைத்து, நிமிடத்துக்கு 18 இழுப்பு என்று நிதானமாக இழுத்த வாழைச்சேனைத் தோழி, பத்துக்காரர்களில் இருவரை முந்திவிட்டாள். அவர்கள் நிலத்தில் மல்லாந்து கிடந்தபோதுதான் அண்ணன் வந்து நெம்பின் கதையை விளக்கினார். அவரும் காத்திருந்திருக்கிறார்.

மச்சாளின் பதிவு: அவளுக்கும் இன்று சறுக்கல் இல்லை, விழுகைதான். முன்னுக்கு விழும்போது கையை விரித்து ஊன்றினால் மணிக்கட்டு முறியும், ஆகவே முட்டியாக மடக்கி முன்கையில் விழு என்று பழக்குகிறார்கள். முன்னால் வைப்பது எந்தக் கால் என்றும் பார்த்தார்களாம். அவளுக்கு வலது.

செவ்வாய்

நீச்சல் குளம். வாவியில் யாரையும் வேண்டுமென்று கவிழ்க்க மாட்டார்கள், அந்தத் தண்ணீர் அப்படி. ஆகவே கவிழும் பயிற்சி நகரத்தின் இன்னொரு பகுதியில் ஒரு குளத்தில் நடந்தது. முதலில் உடுப்போடு 50 மீற்றர் நீச்சல். பிறகு தண்ணீர் மிதித்து நிற்பது. வாசலில் ஏறாவூர்த் தோழியின் முழுக்கை நீச்சல் உடுப்பைப் பார்த்து ஒருவர் இழுத்தடித்தார். எங்கள் ரீச்சர் போய்ப் பேசியதில் பத்து நிமிடம் போனது. அவள் ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கி எங்கள் எல்லோருக்கும் முன்னால் நீந்தி முடித்தாள்.

பிறகு ஒரு பழைய ஒற்றைப் படகைக் குளத்துக்குள் இறக்கினார்கள். எட்டு மீற்றர் நீளம். அகலம் நீர்மட்டத்தில் ஒரு அடிகூட இல்லை. போட்டிக்குப் போகும் ஒற்றைப் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோதான் என்றார் சேர், இந்தக் கிழம் அதைவிடப் பாரம். துடுப்புகள் இரண்டும் தண்ணீரில் படுத்திருக்கும்வரை அது அசையாது. ஒரு பிடியை விட்டாலே போதும், மறுகணம் குளத்தின் அடித்தளத்தில் பதித்த ஓடுகளைத் தலைகீழாகப் பார்க்கலாம்.

படகுக்குள் சப்பாத்து நிரந்தரமாகப் பூட்டியிருக்கிறது, நாம் கால் நுழைக்கிறோம். கவிழ்ந்தால் கால் அதற்குள் சிக்காதா என்பதுதான் எல்லோருக்கும் பயம். ஒவ்வொரு சப்பாத்தின் குதியிலும் ஒரு சின்னக் கயிறு பலகையோடு கட்டியிருக்கிறது. காலை இழுத்தால் குதி கொஞ்சம் எழும்பும், அதற்கு மேல் கயிறு விடாது, அப்போது பாதம் மட்டும் தானாகக் கழன்று வரும். இந்தக் கயிறு தளர்ந்த படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஏறுமுன் ஒவ்வொருவரும் தன் சப்பாத்தைத் தானே இழுத்துப் பார்க்க வேண்டும். கவிழ்ந்த பிறகு ஒரே விதி: படகை விட்டுப் போகாதே. அது மிதக்கும். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தப் போகிறவனைத்தான் தேட வேண்டிவரும்.

வாழைச்சேனைத் தோழி மீன்பிடிக் குடும்பம். கவிழ்ந்து எழும்பி வந்து, “இவ்வளவுதானா?” என்றாள். சேருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மச்சாளுக்கும் நீச்சல் பரீட்சை உண்டாம், 75 யார் தூரம். பனியில் சறுக்கப் போகிறவளுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் சேரும் எல்லோரும் அதைத் தேற வேண்டுமாம்.

புதன்

இன்று தண்ணீர். ஆனால் தண்ணீருக்கு முன் தூக்கல்.

நால்வர் வலிக்க, ஐந்தாமவர் சுக்கான் பிடித்துக் கட்டளை சொல்லும் படகு எங்களுக்கு. பன்னிரண்டு மீற்றருக்கு மேல் நீளம். தட்டிலிருந்து எடுத்து, தலைக்கு மேல் உயர்த்தி, இடுப்புக்கு இறக்கி, மேடையின் ஓரத்தில் நின்று தண்ணீரில் வைக்க வேண்டும். எல்லாம் ஒரே குரலுக்கு, ஒரே நேரத்தில். ஒருவர் முந்தினால் அடுத்தவரின் தோளில் விழும். “தங்கச்சி, அந்தக் கம்பியில கை வைக்காதீங்க, அதுல தூக்கினா வளைஞ்சிரும்” என்று அண்ணன் கத்தினார். படகின் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் ரிகரைத்தான் சொல்கிறார், துடுப்பு அதில்தான் பூட்டப்படும். ஒரு விரல் வளைந்தாலும் துடுப்பின் கோணம் மாறிவிடுமாம். அண்ணன் ஒரு நாள் கொட்டகைக்கு வராவிட்டால் ஒரு படகும் இறங்காது.

துடுப்புகளில் இடப் பக்கத்துக்குச் சிவப்பு, வலப் பக்கத்துக்குப் பச்சை. ஆனால் வலிப்பவர் படகின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காருவதால் இந்த இடமும் வலமும் எங்களுக்கு மாறியே வரும். ஆகவே சிவப்பு, பச்சை என்றே கட்டளை. எனக்கு முதல் இருக்கை, படகின் மூக்கோரம். மூக்கின் நுனியில் ஒரு வெள்ளை ரப்பர் பந்து, எதிலாவது மோதினால் குத்தாமல் இருக்க. நான் பார்ப்பது எனக்கு முன்னிருக்கும் மூன்று முதுகுகளை. அவற்றுக்கு மேலே தாமரைக் கோபுரம், 350 மீற்றர். அதைவிட்டு விலகி வலிக்க வேண்டும், ஆனால் எவ்வளவு வலித்தாலும் அது சின்னதாவதாகத் தெரியவில்லை.

ஆளுக்கு இரண்டு துடுப்பு, அவற்றின் பிடிகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கடக்கும். இடக்கை மேலே, வலக்கை கீழே. கொஞ்சம் தவறினால் மேல் கையின் நகம் கீழ்க் கையின் பின்புறத்தை உரசும். ஒவ்வொரு இழுப்புக்கும் அதே இடத்தில். திரும்பி வந்து பார்க்கும்போது என் வலக்கை முட்டிகளுக்குப் பின்னால் தோல் சீவிய மாதிரி ஒரு கோடு, அதில் வாவித் தண்ணீர் பட்டு எரிந்தது. ரீச்சர் டெட்டோல் போத்தலோடு மேடையிலேயே நின்றார். எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டினோம்.

நால்வரும் ஒன்றாக வலிக்க விடமாட்டார்கள். இருவர் துடுப்பைத் தண்ணீரில் படுக்க வைத்துப் படகைப் பிடித்துக்கொள்ள, மற்ற இருவர் வலிக்க வேண்டும். பிறகு மாற்றம். நால்வரும் ஒன்றாக வலித்தது கடைசியில் கொஞ்ச நேரம்தான். படகு ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாகச் சாய்ந்துகொண்டே போனது. “ஈஸி ஓர்!” என்றால் நிறுத்த வேண்டும். சொன்னபோதெல்லாம் நிறுத்தினோம். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

வியாழன்

காலை ஏழு மணிக்கு வெளிச்சம் நன்றாக வந்த பிறகு தண்ணீரின் நிறம் தெரியும். இலைக்கஞ்சி நிறம். நகரத்தின் கழிவு வடிந்து, சத்து மிதமிஞ்சிப் போய், நுண்பாசி பெருகி நிற்கிறது. துடுப்பின் அலகில் படிந்து காய்ந்தால் பச்சைப் பொடியாக உதிரும். சில மூலைகளில் வாடை. கரையோர மரங்களில் கூழைக்கடாக்கள், அவற்றுக்குக் கீழே மரமே வெள்ளையாக இருக்கிறது. மேடைக்குப் பக்கத்துக் கருங்கல்லில் ஒரு கபரகொயா, பெரிய நீர் உடும்பு, வெயில் காய்கிறது. ஆறடி இருக்கும். அண்ணன் அதற்கு வழிவிட்டு நடக்கிறார்.

இன்றைய பெரிய விஷயம் நண்டு. துடுப்பை வெளியே எடுக்கும் நேரத்தில் அலகு கொஞ்சம் சரிந்து நின்றுவிட்டால் தண்ணீர் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். படகு முன்னே போய்க்கொண்டேயிருக்கிறது, அலகு நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது பிடியும் அதைப் பிடித்திருப்பவரும்தான். பிடி திரும்பி வந்து வயிற்றில் இடிக்கும். வேகமான படகில் ஆளையே தூக்கி வெளியே எறிந்ததுண்டாம். இதற்குப் பெயர் நண்டு பிடித்தல்.

எங்கள் படகில் மூன்றாம் இருக்கைக்காரிக்கு நண்டு பிடித்தது. காத்தான்குடிப் பிள்ளை, சத்தமே போட மாட்டாள். இன்று போட்டாள். “உம்மா!” என்றது வாவியின் மறுகரைவரை கேட்டிருக்கும். பிடி நெஞ்சுக்குக் கீழே வந்து இறுகி, அவள் மல்லாக்க இரண்டாம் இருக்கையின் மடியில். படகு ஒரு பக்கம் சாய, பச்சைத் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. சுக்கான் பிடித்த ஏறாவூர்க்காரி “ஈஸி ஓர்” என்று கத்தியதும் மற்ற மூவரும் அலகைப் படுக்க வைத்தோம், படகு நிமிர்ந்தது. செவ்வாயன்று குளத்தில் அத்தனை நேரம் படித்த பாடம் அந்த ஒரு கணத்துக்குத்தான். அலகு தட்டையாகத் தண்ணீரில் கிடந்தால் படகு கவிழாது.

நண்டு பிடித்தால் பிடியோடு மல்லுக்கட்டக் கூடாது. தலைக்கு மேலால் பின்னே போக விட்டுவிட்டு, படகு மெதுவான பிறகு எடுக்க வேண்டும். பிடியை இறுக்கிப் பிடிப்பவர்களுக்குத்தான் நண்டு அடிக்கடி வருமாம். விரல்களால் கொக்கி போட்ட மாதிரி தொங்கவிட்டால், அலகு தண்ணீரில் தனக்குரிய ஆழத்தைத் தானே கண்டுகொள்ளும்.

மச்சாளுக்கு இதை அனுப்பினேன். மறுபதிவு சிரிப்போடு வந்தது. அவளுக்கும் நேற்று அதேதான், பனியில். ஸ்னோபோர்டுக்கு இரண்டு விளிம்பு, குதிப் பக்கம் ஒன்று, விரல் பக்கம் ஒன்று. சரிவில் எப்போதும் மேட்டுப்பக்க விளிம்பில்தான் நிற்க வேண்டும். கவனம் பிசகிப் பலகை தட்டையாகி, பள்ளப்பக்க விளிம்பு பனியில் குத்திக்கொண்டால் பலகை சட்டென்று நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். மெதுவாகப் போகும்போதுதான் இது அதிகம் நடக்குமாம், பயத்தில் பலகையைத் தட்டையாக விடுவதால். அவள் பின்மண்டை அடிபட விழுந்திருக்கிறாள். ஹெல்மெட் இருந்தது. “ஒன்றுமில்லை, ஐயே, நாளைக்கும் போறன்” என்றாள். மாமிக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். மாமி இதை வாசிப்பதில்லை.

வெள்ளி

இன்று கொட்டகையில் படகு கழுவல் மட்டும். நன்னீரால் கழுவி, தண்டவாளத்தில் மண் இல்லாமல் துடைத்து, தட்டில் ஏற்றிவிட்டு ஒன்பது மணிக்கே விட்டுவிட்டார்கள். வெள்ளவத்தையிலிருந்து கொம்பனித்தெருவுக்கு இப்போது நாங்கள் ரயிலில்தான் வருகிறோம். பாதி வழி கடலோரம், கதவில் நிற்க இடம் கிடைத்தால் கொழும்பில் இதைவிட நல்ல பயணம் இல்லை. திரும்பிப் போக அவசரமில்லாததால் இன்று நடந்தோம்.

கிளப் இருக்கும் வீதியின் பெயர் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை. 1928 இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கிய தமிழர். அவர் காலத்து ரீகல் தியேட்டர் இதே வீதியில்தான் நிற்கிறது. உள்ளே போனால் மலாய்க்காரர்களின் பழைய வேகந்தைப் பள்ளிவாசல், அப்பால் கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில். காத்தான்குடிப் பிள்ளையும் ஏறாவூர்த் தோழியும் ஜும்ஆ நேரத்து நெரிசலைப் பார்த்துக்கொண்டு நிற்க, நாங்கள் கோவிலுக்குப் போய் வந்தோம். பிறகு எல்லோருமாக ஒரு கடையில் பராட்டா, பருப்பு, பிளேன்டீ. கடையைச் சுற்றி வானளாவிய மாடிகள். அவற்றின் அடியில், தகரக் கூரை வீடுகளின் மிச்சம்.

வாவி இயற்கையானதல்ல. கோட்டையைக் காக்கப் போர்த்துக்கீசர் தண்ணீரைத் தேக்கியதில் தொடங்கியது. ஒல்லாந்தர் அதைப் பெருப்பித்தார்கள். கொண்டுவந்த அடிமைகளை இரவில் இந்தப் பக்கம் அடைத்து வைத்தார்கள், தப்பாமல் இருக்க வாவியில் முதலை விட்டார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் களஞ்சியங்களிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்குப் படகு போன வழி. அப்படியே நிரப்பி நிரப்பி, ஒரு காலத்தில் 165 ஹெக்டேயராக இருந்தது இன்று 65 அளவில் நிற்கிறது. விளையாட்டுப் படகும் ஆங்கிலேயர் கொண்டுவந்ததுதான். கொழும்பு ரோயிங் கிளப் 1864 இல் தொடங்கியது. சென்னையில் அடையாற்றில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப்புக்கும் இவர்களுக்கும் 1898 முதல் போட்டி நடக்கிறது, ஆண்களுக்கு அடையாறு கிண்ணம், பெண்களுக்குத் தீபம் கிண்ணம். நூற்றாண்டுக்கு மேலாக இங்கிருந்து சென்னைக்குத் துடுப்போடு போய் வந்திருக்கிறார்கள், மட்டக்களப்பு வாவியில் வளர்ந்த எனக்கு இந்த வாரம்தான் தெரியும்.

பிளேன்டீ ஊற்றியவரிடம் ஏறாவூர்த் தோழி கேட்டாள், எப்போதாவது வாவியில் படகு ஏறியிருக்கிறாரா என்று. ஐம்பது வயது இருக்கும். இந்த ஒழுங்கையிலேயே பிறந்தவர், வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடை தூரம். “கங்காராமப் பக்கம் அன்னப்பட்சி போட்ல பிள்ளைகளை ஏத்தியிருக்கேன். இந்தப் பக்கத்துப் போட் எல்லாம் பெரிய ஸ்கூல் பிள்ளைகள்ட, தங்கச்சி” என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பிளேன்டீ இறங்கவில்லை. இந்த வாவியில் காலை ஆறு மணிக்கு வலிக்கும் பிள்ளைகளைப் பாருங்கள், பெரும்பாலும் காரில் வந்து இறங்குகிறார்கள். நாங்கள் அவர்களுக்குப் பக்கத்தில் அதே தண்ணீரில் நிற்பதற்கு ஒரே காரணம் எங்கள் பாடத்திட்டத்தில் யாரோ எழுதி வைத்த ஒரு வரி. மச்சாளும் அதைத்தான் சொல்கிறாள். கூட வரும் பிள்ளைகளில் பலர் நான்கு வயதிலிருந்து அப்பா அம்மாவோடு பனிமலைக்குப் போனவர்கள். ரொறொன்ரோவில் அவள் வீட்டில் இரண்டு பேரும் இரவு வேலை செய்தார்கள். பஸ்ஸும் பலகையும் சப்பாத்தும் பாடத்தோடு வந்ததால்தான் இப்போது அவளும் போகிறாள். உடற்கல்வியைக் கட்டாயம் ஆக்கக்கூடாது என்று முன்பு விவாதப் போட்டியில் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கட்சியில் இனி நிற்க முடியாது.

சனி

பரீட்சை. மிதவைகளுக்கிடையில் 500 மீற்றர், ஒலிம்பிக் தூரத்தின் கால்பங்கு. நேரத்துக்கு மார்க்ஸ் கிடையாது, ஒழுங்குக்குத்தான். படகை இறக்குவது, சேர்ந்து வலிப்பது, சொன்ன இடத்தில் நிறுத்துவது, திரும்பி மேடையை மோதாமல் அணைவது, கழுவி ஏற்றுவது. மோதாமல் அணைவதில் பெடியன்களின் படகு மார்க்ஸை விட்டது. ரப்பர் பந்து தன் வேலையைச் செய்தது.

எங்களுடையதில் ஒரு இடம் நன்றாக இருந்தது. முக்கால் தூரத்தில் யாரும் எதுவும் சொல்லாமலே நான்கு இருக்கைகளும் ஒரே நேரத்தில் உருண்டன. எட்டு அலகும் ஒரே சத்தமாக இறங்கின. படகு சாய்வதை நிறுத்திவிட்டு அடியில் கொப்பளித்துக்கொண்டு ஓடியது. பத்துப் பன்னிரண்டு இழுப்பு இருக்கும். பிறகு எனக்கு முன்னால் ஒருத்தி சந்தோஷத்தில் திரும்பிப் பார்க்க, போய்விட்டது.

விருப்பமானவர்கள் ஒற்றைப் படகில் மேடையோரம் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றார் சேர். வாழைச்சேனைத் தோழி கேட்கக் காத்திராமல் ஏறிவிட்டாள். தோணி ஓட்டுகிறவள், எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கம் பார்த்தே பழக்கம். ஒவ்வொரு இழுப்புக்கும் தலையைத் திருப்பினாள், ஒவ்வொரு திருப்பலுக்கும் படகு ஆடியது. “பின்னுக்கு ஒரு புள்ளியைப் புடிச்சிக்கங்க, தங்கச்சி” என்றார் அண்ணன். கோபுரத்தைப் பிடித்துக்கொண்டாள். நேராகப் போனாள், சேர் போதும் என்று கூப்பிடும்வரை. கரைக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான், இந்தப் படகு என்ன விலை வரும் என்று. சேர் சொன்ன தொகையைக் கேட்டு, அவளுடைய அப்பாவின் இயந்திரப் படகைவிடக் கூட என்றாள்.

சேரோ வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பு வாவி பத்துக் கிலோமீற்றருக்கும் மேல் நீளம், காலையில் காற்றில்லாத நேரம் உண்டு, நாற்றமும் இல்லை. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் இங்கே வருகிறீர்கள் என்று எங்களிடமே கேட்டார். அம்மம்மா கேட்டதும் அதுதான். ஒரு கொட்டகை, ஒரு மேடை, பழைய நால்வர் படகு ஒன்று இருந்தால் தொடங்கலாமாம். கிளப்புகள் பழைய படகுகளை விற்பதுண்டு, கொண்டுபோக நீளமான லொறியும் பொறுமையும் வேண்டும். எழுத்தில் கேட்டால் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ரீச்சர் மதியச் சாப்பாட்டு மேசையிலேயே கடிதத்தைத் தொடங்கிவிட்டார். அதிபருக்கு ஒன்று, மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒன்று. கொட்டகைக்கு எந்த இடம் என்பதில் கல்லடிக்காரருக்கும் நகரப்பக்கத்தாருக்கும் அப்போதே சண்டை. ஏறாவூர்த் தோழி, இரண்டும் வேண்டாம், எங்கள் பக்கம் கரை ஆழம் குறைவு, இறக்குவது சுகம் என்கிறாள். இரவு ரயிலில் இது தொடரும். நான் ஜன்னலோரம் பிடித்துத் தூங்குவதாக இருக்கிறேன்.